ஒரே பெயரில் ஐந்து பேர்

நாலாயிரம் பேர் பேசும் ஒரு மொழிக்கு இணையத்தில் தனிக் கலைக்களஞ்சியம் தருவதா, மறுப்பதா? அன்று முற்பகல் நகர நூலகத்தின் மாடியறையில் எழுந்த கேள்வி அது. மறுத்தால் மறுபடி விண்ணப்பிக்க இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். அந்த மொழிக்காக வாதாட வந்திருந்தவர் ஒரு தையற்காரி. எதிரே, விண்ணப்பத்தை முடிவு செய்யும் குழுவின் தலைவரான நூலகர். அருகே கணினியுடன் செயலாளர்.

"கட்டுரை எண்ணூறு இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார் நூலகர். "ஆனா மாசத்துக்கு மூணு பேராவது எழுதணும்னு விதி. உங்க சோதனைத் தளத்துல எழுதுறது ஒரே ஆளும்மா. அந்தக் கை ஓஞ்சா களஞ்சியமும் ஓஞ்சிரும்."

"நாங்க அஞ்சு பேருங்க ஐயா. நான், அண்ணன், அண்ணி, சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார்."

"பேரு ஒண்ணுதானே இருக்கு?"

"தனித்தனியாப் பேர் போட்டா, யார் அதிகம் எழுதினதுன்னு வீடு ரெண்டாயிரும். அதான் எல்லாருக்கும் ஒரே பேர், ஒரே கடவுச்சொல்."

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒற்றை மனிதர் பல பெயர்களில் எழுதி ஏமாற்றியதை நூலகர் கண்டிருக்கிறார். பலர் ஒற்றைப் பெயரில் எழுதித் தம்மையே குறைத்துக்கொண்டதை இன்றுதான் கேட்கிறார். ஆயினும் 'மறுப்பு' என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"அதுக்கு முன்னாடி காய்ச்சல் கட்டுரையோட திருத்தங்களைப் பாருங்க," என்றார் தையற்காரி.

செயலாளர் திறந்தார், தையற்காரி வரிவரியாகப் பொருள் சொன்னார். காய்ச்சல்காரரை நன்றாகப் போர்த்த வேண்டும் என்று காலை எட்டுக்கு ஒரு வரி. எட்டேகாலுக்கு அதே பெயர் அதை நீக்கியிருந்தது. எட்டரைக்கு வரி மீண்டது; ஒன்பதுக்கு மறைந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'நான் பதினாறு வருஷமா நர்ஸ். துணி வெட்டுறவ துணியைப் பத்தி எழுதட்டும்.' இப்படி நாற்பத்தோரு முறை.

"அது அண்ணி. அஞ்சு நாள் முகம் கொடுத்துப் பேசல. ஒருத்தி தன்னோட தானே இவ்வளவு சண்டை போடுவாளா, நீங்களே சொல்லுங்க."

நூலகரும் சிரித்துவிட்டார். ஆனால் பேனாவை மூடவில்லை.

"நான் நம்புறேன்மா. என் நம்பிக்கை பதிவேட்டுல ஏறாதே. உங்களுக்கு விதியை வளைச்சா எல்லாருக்கும் வளைக்கணும்."

"வளைக்க வேணாம். நான் சலுகை கேட்டு வரல. மறுப்புன்னு எழுதாம நிலுவைன்னு எழுதுங்க. மூணு மாசம் அவங்கவங்க பேர்ல எழுதுறோம். எண்ணிக்கோங்க."

"வீடு ரெண்டாயிரும்னீங்களே?"

"அஞ்சாவே ஆகட்டும். எங்க வீட்டு அமைதிக்காக நாலாயிரம் பேரோட பேச்சை விட்டுக்கொடுக்க முடியாது."

இரக்கத்தை அல்ல, தனக்காக எழுதுபவர்களைச் சரியாக எண்ணும் நேர்மையை மட்டுமே அந்த மொழி கேட்டுக்கொண்டிருந்தது. அதை மறுக்க எந்த விதியிலும் இடமில்லை. நூலகர் 'நிலுவை' என்று எழுதி, கீழே தேதியிட்டார்.

தையற்காரி அங்கேயே கைப்பேசியை எடுத்தார்.

"அண்ணி, இன்னைக்கே எல்லாரும் தனிக் கணக்கு தொடங்குங்க. இல்ல, மூணு பேர் போதும்னுதான் விதி. நாம அஞ்சு பேரும் எழுதுறோம். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாலும் எண்ணிக்கை குறையக் கூடாது."