ஃபிரிட்ஜ் மேல் அத்தையின் முகம்

அத்தையின் முகம் ஃபிரிட்ஜின் மேல் இருப்பதை முதலில் பார்த்தவள் வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் வீட்டுக் குழந்தை. அப்போது அவளுக்கு நாலு வயது. "உங்க அக்கா நேத்துலேர்ந்து முகத்தைத் தூக்கி வச்சிருக்காங்க" என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "எங்க வச்சிருக்காங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தானே தேடப் போனாள். கட்டிலுக்கடியில் பார்த்தாள், செருப்பு அலமாரியில் பார்த்தாள், கடைசியில் சமையலறையிலிருந்து கத்தினாள்: "அம்மா, ஃபிரிட்ஜ் மேல இருக்கு. கண்ணை உருட்டுது." ரொட்டிப் பொட்டலத்துக்கும் செத்துப்போன பேட்டரிகள் கிடந்த டப்பாவுக்கும் நடுவில், மூக்குக்கண்ணாடி சகிதம், முகம் இருந்தது. அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலை. இடது கண்ணுக்குப் பவர் கூடியிருக்கிறது என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

வினை வாயாடியின் வாயிலிருந்துதான் வந்தது. அம்மா தன் தங்கையிடம் ஃபோனில், "அண்ணி காலையிலேர்ந்து என் தலையைத் தின்னுக்கிட்டே இருக்காங்கடி" என்று அலுத்துக்கொண்டதை வாயாடி பத்திரமாக முடிந்துவைத்திருந்தாள். முந்தின நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "அத்தை, அம்மா தலையைத் தின்னீங்களே, முடி தொண்டையில சிக்கலையா?" அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள். முகத்தை எப்போது கழற்றினாள் என்று யாரும் பார்க்கவில்லை.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பதில் பேர்போனவர். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் தான் மாட்டிக்கொண்டதும், யாராவது வந்து திறக்கட்டும் என்று செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒருமுறை முகத்தை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினார். "நீ ஏன் கொண்டு வர்றே? யாரால போச்சோ அவ எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள் அத்தை, வாயில்லாமலே. "தூக்கி வச்சவங்கதானே இறக்கணும், எனக்கென்ன வந்துச்சு?" என்றாள் அம்மா. அப்பா மறுபடியும் அதைக் கொண்டுபோய் மேலேயே வைத்தார், தூசி படியாமலிருக்க ஒரு துண்டையும் போட்டார். அன்றைக்குத் தான் நிறைய வேலை செய்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

அத்தை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். உரித்த முட்டைபோல வழுவழுவென்றிருந்த முன்பக்கத்தோடு வேலைக்குப் போனாள். கவுண்டருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? எல்லோரும் டிக்கெட்டையும் கடிகாரத்தையுமே பார்த்தார்கள். மறு வருஷம், முகம் சுளிக்காமல் பயணிகளுக்குச் சேவை செய்தமைக்காக அவளுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கொடுத்த அதிகாரி கேமராவைப் பார்த்துச் சிரித்ததில் வேறெதையும் கவனிக்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. வீடு அமைதியாக இருப்பதாக வந்தவர்கள் மெச்சினார்கள். அம்மா மட்டும் அந்தத் துண்டுக்குக் கீழே சமைக்க முடியாமல் தவித்தாள். உப்புப் போடும்போதெல்லாம் மேலிருந்து யாரோ மூச்சை இழுத்துக்கொள்வதுபோல இருக்கும். கையிலெடுத்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டுவாள். சாப்பாடு முன்னைவிட ருசியாக இருக்கிறது என்று அப்பா சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பல் விழுந்த அன்று வாயாடி அதை உள்ளங்கையில் வைத்து அத்தையிடம் ஓடினாள். "அழகா இருக்கு" என்றாள் அத்தை. "பொய். நீங்க பாக்கவே இல்ல. பாக்குறது அங்க இருக்கு" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். துண்டை விலக்கிப் பல்லைக் காட்டியபோது நாற்காலி சாய்ந்தது. அத்தனை காலம் வாய் திறக்காத முகம், "ஐயோ, புள்ளையப் பிடி!" என்று அலறியது. கூடத்திலிருந்து அத்தையும் அடுப்படியிலிருந்து அம்மாவும் பாய்ந்ததில் மண்டையோடு மண்டை இடித்துக்கொண்டது. குழந்தை இருவர் கையிலும் விழுந்தாள். முகம் அம்மாவின் மடியில் விழுந்தது.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கன்னமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு நனைத்த துணியால் நெற்றியை, மூக்கோரத்தை, காதோரத்தை மெதுவாகத் துடைத்தாள். "கண்ணை மூடுங்க அண்ணி, சோப்பு படும்" என்றாள். பொருத்தியபோது முகம் ஒரு விரற்கடை கோணலாக உட்கார்ந்தது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, இடது கண்ணுக்குப் பவர் ஏறியிருக்கு." "அதை இப்பதான் சொல்றியா?" என்றது கோணல் வாய்.

பெரியவர்கள் அத்தோடு திருந்திவிடவில்லை. அடுத்த மாதமே அம்மாவின் முகம் மேலே போனது, பிறகு அப்பாவினுடையது. ரொட்டி வைக்க இடமில்லாமல் தச்சரை வரவழைத்தார்கள். அவர் சுவரை அளந்துகொண்டே, "முகத்துக்குத்தானே? எதிர் வீட்டுல கண்ணாடிக் கதவு போட்டுக் குடுத்தேன், தூசி வராது" என்றார். நாலு தட்டு போதுமா என்று கேட்டார்.

"மூணு போதும். எனக்கு வேண்டாம்" என்றாள் வாயாடி. "எனக்குக் கோவம் வந்தா நான் கத்திடுவேன்."

தச்சர் மூன்று தட்டு வைத்துக் கொடுத்தார்.