அடி விழாத இடங்கள்

எட்டாவது சுற்றுக்கும் ஒன்பதாவது சுற்றுக்கும் நடுவில் இருந்த ஒரு நிமிட இடைவேளையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தம்பி சொல்வது ஒரு மாதிரி இருக்கிறது. மாஸ்டர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. அந்தப் போட்டியின் ஒளிப்பதிவு இருக்கிறது. நான் இதுவரை பார்க்கவில்லை. என் நினைவு தப்பாக இருந்துவிடுமோ என்று பயம். சரியாக இருந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

நான் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். தம்பி குத்துச்சண்டைக்காரன். அவன் மேடையேறும் நாட்களில் விடுப்பு போட்டுவிட்டு அவன் மூலையில் நிற்பேன். அவனுடைய பயிற்சியாளரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சுற்று முடிந்ததும் அவர் முக்காலியைப் போடுவார், நான் முகத்தைத் துடைத்து, வீக்கத்தில் ஐஸ் வைத்து, வெட்டு இருந்தால் ரத்தத்தை நிறுத்துவேன். அதற்கு மொத்தமே ஒரு நிமிடம்தான். தையல் போடும் கை என்பதால் என்னைவிட வேகமாக யாரும் ரத்தத்தை நிறுத்த மாட்டார்கள் என்று மாஸ்டர் ஊரெல்லாம் பெருமை பேசுவார்.

அப்போது சாம்பியன் பட்டம் தச்சனிடம் இருந்தது. உண்மையாகவே மரப்பட்டறையில் வேலை பார்த்து வந்தவன். பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடங்களாக அவனை யாராலும் அசைக்க முடியவில்லை. அவனோடு நாலு சுற்றைத் தாண்டியவர்கள் இரண்டே பேர். அவனிடம் தோற்றவர்களில் நான்கு பேர் எங்கள் பிரிவுக்கு வந்தார்கள். அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவமனை எங்களுடையதுதான்.

நான்காவதாக வந்தவர் ஒரு பெயிண்டர். நடந்தேதான் வந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார். “சிஸ்டர், மூக்கு நேரா இருக்கா பாருங்க, வீட்ல திட்டுவா” என்று சிரித்தார். கால் மணி நேரத்தில் பேச்சு குழறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்மணி வலதைவிடப் பெரிதாகிக்கொண்டிருந்தது. விளக்குக்குச் சுருங்கவில்லை. மூளைக்குள் ரத்தம். மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தக் கண்மணியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும்போதும் எதிரே இருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் தம்பி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“அக்கா, லெட்டர் வந்துடுச்சு.”

“எந்த லெட்டர்?”

“நடிக்காத. உன் மூஞ்சி வெளுத்துப் போச்சு.”

பட்டத்துக்கான போட்டி. பத்து சுற்று. எதிரே தச்சன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து கேட்ட ஒரே ஒரு விஷயம் கையில் கிடைத்தவனின் பார்வை அது. வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் யோசித்தேன்: போகாதே என்று சொல்ல முடியாவிட்டால், உயிரோடு திரும்பி வர என்ன வழி?

நோயாளியின் உடம்பைப் பற்றி வெளியே பேசக் கூடாது. பேசினேன். மாஸ்டரை வீட்டுக்கு வரச் சொல்லி, ஊசி மருந்து வந்த ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் ஓர் ஆள் உருவம் வரைந்தேன். நான்கு பேருக்கும் எங்கெங்கே அடி விழுந்திருந்ததோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போட்டேன். இடது நெற்றிப்பொட்டில் நான்கு கோடு. இடது காதுக்குப் பின்னால் மூன்று. வலது பக்கம் கடைசி விலாவில் நான்கு.

மாஸ்டர் வெகுநேரம் அந்த அட்டையைப் பார்த்தார். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

“காதுக்குப் பின்னால எப்படி அடி விழும், சிஸ்டர்?” என்றார் கடைசியில்.

“தெரியலையே.”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடுறவனுக்குத்தான் விழும். மூணு பேர் ஓடியே இருக்கானுங்க, நாலாவதும் பின்னாலதான் போயிருப்பான். பின்னால போகப் போக அவன் கை நீளம் முழுசும் அவனுக்கு உதவுது. கை நீண்டு முடியிற இடத்துல இவனுங்களே போய் நின்னு வாங்கியிருக்கானுங்க.”

“அப்போ?” என்றான் தம்பி.

“உள்ள போகணும். நெத்திய அவன் நெஞ்சுல வெச்சுடணும். அங்க அவன் கைக்கு இடமே கிடையாது.”

அட்டையில் முகவாயிலும் நெஞ்சிலும் ஒரு கோடும் இல்லை. அங்கே அவன் அடிப்பதில்லை என்று மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம்.

திட்டம் கேட்பதற்குச் சாதாரணம். இடது கை பொட்டோடு ஒட்டியிருக்க வேண்டும், அவனுடைய வலது கைக்குக் கதவு மாதிரி. வலது முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. நேராகப் பின்னால் போகக் கூடாது. நகர்ந்தால் வலப்பக்கம், அவனுடைய கனமான கையை விட்டு விலகும் பக்கம். உள்ளே போனதும் முகத்தைத் தேடாமல் வயிற்றிலும் புஜத்திலும் அடிக்க வேண்டும். புஜம் மரத்துப் போனால் கை தானாகக் கீழே வரும். கட்டிப் பிடிக்கும்போதெல்லாம் அவன் கழுத்தின் மேல் உடம்பின் பாரத்தைப் போட்டுத் தொங்க வேண்டும். தச்சன் சீக்கிரமே முடித்துப் பழகியவன். ஆறாவது சுற்றின் மூச்சு அவனிடம் இருக்கிறதா என்பது அவனுக்கே தெரியாது.

கஷ்டம் அதில் இல்லை. பயந்த உடம்பு பின்னால்தான் போகும். யார் சொன்னாலும் கேட்காது.

அதற்கு மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். சிமெண்டுத் தரையில் தம்பிக்குப் பின்னால் ஈரச் சாக்கை விரிப்பார். தான் ஒரு நீளக் கம்பின் முனையில் கையுறையைக் கட்டிக்கொண்டு அவன் முகத்தில் குத்துவார். பின்னால் போனால் கால் நனையும். திரும்ப முன்னால் வரும்போது காய்ந்த தரையில் தடம் விழும். தடங்களை எண்ணுவது என் வேலை. முதல் நாள் நாற்பத்தொன்று.

“என்னடா, மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி தயங்குற? உள்ள போடா!”

“கம்போட குத்துனா எப்படி மாஸ்டர் உள்ள வர்றது?”

“அவன் கையும் கம்பு மாதிரிதான் வரும். என்னைவிட அவன் மரியாதை தெரிஞ்சவன்னு நெனைச்சியா?”

பத்தாவது வாரம் தடங்கள் மூன்றாகக் குறைந்தன. தம்பி சிரித்தான். பின்வாங்காத உடம்பு எனக்குப் பழக்கமில்லாத உடம்பு. பின்வாங்கியவர்கள் கடைசியில் எங்கே வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பின்வாங்காதவன் எங்கே போவான் என்று தெரியாது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தச்சனைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். முகத்தில் கோபமே இல்லை. பலகையை அளக்கிற மாதிரி தம்பியை மேலும் கீழும் பார்த்தான்.

முதல் சுற்றில் மூன்று அடி பொட்டில் விழுந்தது, கையுறை தடுத்தது. தம்பி உள்ளே போனான். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. கூட்டம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. தச்சன் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தம்பி அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டான். ஐந்தாவது சுற்றில் தச்சன் முதல் தடவையாக வாயைத் திறந்து மூச்சு விட்டான்.

“பாத்தீங்களா சிஸ்டர்? மீன் மாதிரி வாயத் தொறக்குறான்!” மாஸ்டர் என் தோளில் அடித்தார். எனக்கு வலித்தது.

ஆறாவது சுற்றின் கடைசியில்தான் அது வந்தது. தச்சன் ஓர் அடி எடுத்துப் பின்னால் வைத்தான். அவன் பின்வாங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த ஒரு சாண் இடைவெளியில் அவனுடைய வலது முழங்கை மடங்கி, கை கீழேயிருந்து மேலே வந்தது. முகவாயில் பட்டு, கன்னத்தை உரசி, இடது கண்ணைத் தேய்த்து, புருவத்தைக் கிழித்தது. அட்டையில் ஒரு கோடும் இல்லாத இடத்தில் விழுந்த அடி. அவன் அங்கே அடிக்கத் தெரியாதவன் இல்லை. அங்கே நின்று வாங்குவதற்கு இதுவரை யாரும் போகவில்லை, அவ்வளவுதான்.

ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினில் நனைத்த பஞ்சை வெட்டின் மேல் வைத்து அழுத்தினேன். எப்போதும் பஞ்சைப் பிழிந்துவிட்டுத்தான் வைப்பேன். அன்று பிழியவில்லை. மருந்து வழிந்தது, துடைத்தேன் என்று நினைக்கிறேன். ஏழாவது முடிந்ததும் மறுபடி வைத்தேன். ரத்தம் நின்றது. மாஸ்டர் என் தலையில் கை வைத்து, “தெய்வம் சிஸ்டர் நீங்க” என்றார்.

எட்டாவது தம்பியின் சுற்று. தச்சனின் கைகள் இடுப்பு வரை இறங்கிவிட்டன. மணி அடித்து வந்து முக்காலியில் உட்கார்ந்தபோது தம்பி சிரித்தான். முகத்தைத் துடைக்கக் குனிந்தேன்.

இடது கண்மணி பெரிதாக இருந்தது.

“என் விரல் எத்தன?”

“ரெண்டு. அக்கா, தண்ணி.”

“நாம எங்க இருக்கோம்?”

“பட்டத்துக்குப் பக்கத்துல.” மறுபடி சிரித்தான்.

“மாஸ்டர், கண்ணப் பாருங்க. போதும். நிறுத்திடலாம்.”

மாஸ்டர் பார்த்தார். “தெளிவா பேசுறான் சிஸ்டர். இன்னும் ரெண்டே ரவுண்டு. நாம முன்னால இருக்கோம்.”

“அந்தப் பெயிண்டரும் பேசினாரு.”

“அக்கா,” தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். “எனக்கு ஒண்ணும் இல்ல. சத்தியமா. விடு.”

பெயிண்டருக்குப் பேச்சு குழறிய பிறகுதான் கண்மணி விரிந்தது. தெளிவாகப் பேசுகிறவனுக்குக் கண்மணி மட்டும் விரிந்தால் முதலில் கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதல் வருடப் பாடம். எனக்குத் தெரியும். அந்த நிமிடம் அது என் தலையில் எங்கேயும் இல்லை. தண்ணீர் கேட்டுச் சிரித்த பெயிண்டர் மட்டும் இருந்தார்.

மணி அடித்தது. அவன் போனான்.

ஒன்பதாவது சுற்றில் தச்சன் கயிற்றில் சாய்ந்திருந்தான் என்று தம்பி சொல்கிறான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருந்தான், இன்னும் நாலு அடி போதும் என்கிறான். எனக்கு நினைவிருப்பது மறுபடி ஒரு முழங்கை மடங்கியது, தம்பியின் தலை பின்னால் போனது. மாஸ்டர் என் கையைப் பிடித்தார் என்றும் நினைவு. உங்கள் கையை நான் பிடிக்கவே இல்லை, விட்டுவிட்டேன் என்று அவர் கடைசி வரை சொன்னார். தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்தச் சொல்லி நான் வீசிய துண்டு மேடையின் நடுவில் போய் விழுந்தது. நடுவர் இரண்டு கையையும் ஆட்டினார். பிறகு தச்சனின் கையைத் தூக்கினார்கள். அவனாகத் தூக்க முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. கண் டாக்டர் வந்து விளக்கு அடித்துப் பார்த்தார்.

“கண்ணு மேல கீறல் இருக்கு. அது ஆறிடும். புருவத்துக்கு என்ன மருந்து வெச்சீங்க?”

“அட்ரினலின்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நர்ஸ் என்பது அவருக்குத் தெரியும். கீறல் விழுந்த கண்ணுக்குள் அது வழிந்தால் கண்மணி விரியும் என்று அவர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. குறிப்பில் எழுதிவிட்டுப் போனார்.

தம்பி கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்ல.”

“அது உன் மருந்தா?”

“ஆமா.”

“அப்போ எதுக்குக்கா நிறுத்தின?”

“பயந்துட்டேன்டா.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் காலையில் இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இருந்தன.

தம்பி பதினான்கு மாதம் என்னோடு பேசவில்லை. அவனுக்குப் பட்டப் போட்டி மறுபடி அமையவில்லை. சின்னப் போட்டிகள் இரண்டில் ஜெயித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இப்போது லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மாஸ்டர் அடுத்த வருடம் வேறொருவனைத் தயார் செய்தார். உள்ளே போனதும் ஒரு கையை முகவாய்க்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அவன் தச்சனை ஏழாவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தான். மாஸ்டர் அதற்கு இரண்டு வருடம் கழித்து மாரடைப்பில் இறந்தார். தச்சன் மேடையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கட்டில், அலமாரி செய்யும் கடை வைத்திருக்கிறான். நான் அதே பிரிவில்தான் இருக்கிறேன். போட்டி மூலைகளில் நிற்பதில்லை.