பாதிச் சோற்றில் ஒரு மாத்திரை

அந்த மாத இரத்தப் பரிசோதனைத் தாளை அழகம்மா மூன்றாம் முறையாக வாசித்தாள். எண் மாறவில்லை. பாஸ்பேட் இரண்டு புள்ளி ஆறு. ஒன்று புள்ளி ஏழைத் தாண்டக் கூடாது என்று தாளின் ஓரத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். போன மாதம் இரண்டு புள்ளி நான்கு. அதற்கு முந்தைய மாதம் இரண்டு புள்ளி ஒன்று. கால்சியமும் துணைக்குச் சேர்ந்து ஏறியிருந்தது.

பாடாங் செராய் கடைவரிசையில் இருந்த அந்த டயலிசிஸ் நிலையத்தின் வாசலில் ஐந்து நாற்காலிகள் கிடந்தன. உள்ளே அவளுடைய கணவர் மனோகரன் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு நான்கு மணி நேரம் படுத்திருந்தார். வெளியே அவள் ஒரு நாற்காலியில் அமர்வதும் எழுவதும், நடைபாதையின் கோடி வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தாள். வாரத்தில் மூன்று நாள், இரண்டு ஆண்டுகளாக இதே காத்திருப்புத்தான்; ஆனால் இந்த மூன்று மாதங்களாக ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவளால் உட்கார முடியவில்லை.

காரணம் அவருடைய வலது கால் பெருவிரல். இருபது ஆண்டு நீரிழிவு சிறுநீரகங்களை முடித்துவிட்டு இப்போது விரலுக்கு வந்திருந்தது. செருப்பு உரசி உண்டான சிறு புண், பத்து வாரமாகியும் மூடவில்லை. பாஸ்பேட் இப்படி ஏறிக்கொண்டே போனால் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும், காலுக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேராது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இரண்டு மாதத்துக்குள் எண் இறங்காவிட்டால் விரல் நிலைக்கும் என்று தம்மால் உறுதி கூற முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

அழகம்மா குலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் தரம் பார்த்தவள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கணவரின் நோயையும் அவள் அப்படித்தான் மேற்பார்வையிட்டாள். காய்கறிகளைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்த நீரைக் கொட்டினாள், பொட்டாசியம் அடங்கியது. குடிக்கும் தண்ணீரைப் போத்தலில் அளந்து வைத்தாள், வீக்கம் வடிந்தது. இன்சுலின் ஊசி ஒரு வேளையும் தவறவில்லை. பாஸ்பேட் மிகுந்த நெத்திலியும் பால்மாவும் வீட்டைவிட்டே வெளியேறின. எல்லாம் அவள் சொன்னபடி கேட்க, இந்த ஒன்று மட்டும் ஏன் கேட்கவில்லை? வீட்டுக்குள் ஓட்டை இல்லையென்றால் வெளியில்தான் இருக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். மனோகரன் பக்கத்தில் அமர்ந்து, இருக்கையின் முதுகில் தம் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாஸ்பேட் ஏறினால் அரிக்கும். ஒரு காலத்தில் செம்பனைக்குலை ஏற்றிய லோரியைச் சேற்றில் லாவகமாக ஓட்டிய மனிதர், இப்போது ஓரிடத்தில் கையையும் காலையும் வைத்திருக்க இயலாமல் நெளிந்தார்.

“மணியம் கடையில என்னா சாப்டுறீங்க?” என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணும் சாப்டல அழகு.”

“ஒண்ணும் சாப்டாம இது எப்படி ஏறும்? காத்துலயா வருது?”

“எனக்கு எப்படிலா தெரியும்? நான் என்னா டாக்டரா?”

“ரொட்டி சானாயா? பருப்பு குழம்ப ஊத்தி அடிக்கிறீங்களா? உண்மைய சொல்லுங்க.”

மனோகரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைத் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டார். மறுநாள் காலை வழக்கமாகக் கோப்பி குடிக்க மணியம் கடைக்குப் புறப்படும் நேரத்தில், சட்டை மாற்றாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் போகவில்லை. குட்டு வெளிப்பட்டதால் அடங்கிவிட்டார் என்று அழகம்மா கணித்தாள். ஆயினும் மனம் ஓயவில்லை.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பதினொரு மணிக்கு அவருக்குத் தட்டு வைப்பாள். அவர் உண்டு முடித்துக் கையை நன்றாகக் கழுவி, நாற்காலியில் சாய்வார். அவள் தானும் உண்டு, பாத்திரம் துலக்கி, மேசையைத் துடைத்த பின், சாமி மேடைக்குக் கீழ்த்தட்டில் திருநீற்றுக் கிண்ணத்தின் அருகே இருக்கும் மாத்திரைப் பெட்டியை எடுப்பாள். எச்சில் கை அந்தப் பெட்டிமேல் படக் கூடாது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எல்லா மாத்திரைகளையும் வரிசையாக அவருடைய உலர்ந்த உள்ளங்கையில் வைப்பாள். நான்கு மாதங்களுக்கு முன்பு பாஸ்பேட்டுக்கென்று கொடுத்த பெரிய வெள்ளை மாத்திரைதான் கடைசி.

மூன்றாம் நாள், அவரிடம் சொல்லாமல் மணியத்தின் சாலையோர ஒட்டுக்கடைக்கு அவளே போனாள்.

“வாங்க அக்கா! எங்க அண்ணன ஆளையே காணோம்? ஒடம்பு சரியில்லையா?”

“அவரு இங்க என்னா சாப்டுவாரு? மறைக்காம சொல்லுங்க.”

மணியம் துணியால் மேசையைத் துடைத்தபடி சிரித்தார். “கோப்பி ஓ கோசோங் ஒண்ணு. சீனியும் கெடையாது, பாலும் கெடையாது. அதுலயும் பாதிதான். ‘தண்ணி கணக்கு முடிஞ்சிருச்சி, மேனேஜர் திட்டுவாங்க’ன்னு எந்திரிச்சிருவாரு.”

“எந்த மேனேஜர்?”

“நீங்கதான்லா அக்கா.”

“ரொட்டி?”

“நாங்க திங்கிறத பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. எங்களுக்குத்தான் தொண்டையில எறங்காது.”

அழகம்மாவுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. திருடன் இவர் இல்லை என்றால் வேறு யார்? வீடு வந்து சமையலறை அலமாரியைக் காலி செய்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து மூடினாள். மறுபடியும் திறந்தாள். கூடத்தில் மனோகரன் கதவு நிலையில் முதுகைத் தேய்க்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை நிலையத்திலிருந்து, ஒரு மணி நேரம் முன்னதாக வரும்படி அழைத்தார்கள். சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு போய், வாசல் நாற்காலியில் வைத்தே அவருக்குப் பரிமாறினாள். எதிர் நாற்காலியில் குழந்தைவேலு உண்டுகொண்டிருந்தார். முன்னாள் பேருந்து ஓட்டுநர். ஒன்பது ஆண்டுகளாக டயலிசிஸ் செய்துகொள்பவர். பாதிச் சாப்பாட்டில் அவர் சோற்றுப் பருக்கை ஒட்டிய விரலாலேயே சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தார். அதை வாயில் போட்டு, அதன்மேல் ஒரு கவளம் சோற்றையும் போட்டு, நறநறவென்று மென்றார்.

அழகம்மாவுக்கு உடம்பு கூசியது.

“என்னாங்க இது அநியாயம்? எச்சில் கையால மருந்த தொடுறீங்க? கைய கழுவிட்டு ஒழுங்கா முழுங்கக் கூடாதா?”

“அக்கா, இது மருந்து இல்ல. கோல்கீப்பர்,” என்றார் குழந்தைவேலு, மெல்லுவதை நிறுத்தாமல். “சோத்துல வர்ற பாஸ்பேட்ட உள்ள வரும்போதே புடிக்கணும். கோல் விழுந்து, ஆட்டம் முடிஞ்சி, அலோர் ஸ்டார் ஸ்டேடியத்துல லைட்ட அணைச்ச பொறகு கீப்பர் வந்து நின்னா யாருக்குலா பிரயோஜனம்?”

மனோகரன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். உள்ளிருந்து வந்த தாதி ஷீலா அந்தப் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, அங்கிளுக்கு அந்த மாத்திர எப்ப குடுக்கிறீங்க?”

“சாப்பாட்டோடதான் மிஸ்ஸி.”

“சாப்பாட்டோடன்னா எப்போ?”

“சாப்ட்டு, கை கழுவி, அரை மணி நேரத்துல. எல்லா மாத்திரையோடயும் சேத்து.”

ஷீலா அவளருகே அமர்ந்தாள். “மென்னு சாப்டுறாரா?”

“முழுங்குவாரு.”

“அதான் ஆன்ட்டி. சாப்டும்போது நடுவுல மென்னாத்தான் அது சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பேட்ட கட்டிப்போடும். லேட்டா தனியா போனா கட்டிப்போட ஒண்ணும் இருக்காது. அதுல இருக்கிற கால்சியம்தான் ரத்தத்துல ஏறும். ரிப்போர்ட் பாருங்க, ரெண்டுமே ஏறியிருக்கு. மாத்திர குடுத்த அன்னிக்கே சொன்னேனே. நீங்ககூட எழுதிக்கிட்டீங்க.”

எழுதிக்கொண்டாள்தான். கைப்பையில் இருந்த குறிப்பேட்டை அவள் பிரித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ‘உணவின் நடுவே, மென்று’ என்று தேதியிட்டுத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். வீட்டுக்குப் போனதும், உண்ணும் கையால் மருந்தைத் தொடுவதாவது என்று எண்ணி, அரை மணி நேரத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று முடிவு செய்ததும் அவளேதான். வெளியில் தேடிய ஓட்டையை நான்கு மாதங்களாகத் தன் கையாலேயே நாள்தோறும் போட்டிருக்கிறாள்.

அன்று அவர் உள்ளே படுத்திருந்த நான்கு மணி நேரமும் அவள் நடந்துகொண்டேயிருந்தாள். நடைபாதையின் கோடியில் இருந்த பூக்கடைக்காரி இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

காரில் ஏறியதும் அவள் சாவியைத் திருகாமல் இருந்தாள்.

“மிஸ்ஸி நடுவுல மெல்லணும்னு சொன்னது ஒங்களுக்கும் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

மனோகரன் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். “ஒரு தடவ சொன்னேன். ‘எச்சில் கையோட சாமி மேடைகிட்ட வராதீங்க’ன்ன. நீ வச்ச ஒழுங்கு எல்லாமே சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.” பிறகு சொன்னார்: “திருடித் திங்கிறேன்னு நீ கேட்டதுதான் அழகு, எனக்கு ஒரு மாதிரியா போச்சி.”

அவளுக்கு அந்த நிமிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். “நான் செஞ்சதுதான் தப்பு,” என்று காரின் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் பகல் மாத்திரைப் பெட்டி சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. தட்டின் வலது ஓரத்தில், உப்பு விலக்கப்படுவதற்கு முன் அவள் வழக்கமாக உப்பு வைக்கும் இடத்தில், வெள்ளை மாத்திரை ஒன்றை வைத்தாள். பிறகு, இத்தனை ஆண்டுகளில் இல்லாத வழக்கமாக, தனக்கும் தட்டு வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தாள். அவருடைய கவளங்களை மனத்துக்குள் எண்ணினாள்.

“இப்ப.”

அவருடைய விரல்கள் மாத்திரையருகே போய்த் தயங்கின. “எச்சில் கையாச்சே.”

“தொடுங்க.”

மென்றார். சுண்ணாம்பைக் கடித்தவர்போல் முகம் சுளித்தார். மீண்டும் சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு இருபத்திரண்டு நாள்கள் இருந்தன. எண் இறங்குமா, இறங்கினாலும் விரல் பொறுத்திருக்குமா என்பதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும். அதுவரை அவளால் உட்கார முடியப்போவதில்லை. ஆனால் செய்து முடிக்கக் கூடிய காரியம் ஒன்று மீதி இருந்தது. மறுநாள் காலை, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வந்து அவர் முன் நீட்டினாள். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது.

“மணியம் தேடுறாரு. போயிட்டு வாங்க. தோசை வேணும்னா ஒண்ணு சாப்டுங்க, பாதியில இத மெல்லுங்க.”

மனோகரன் சட்டையை வாங்கி, பையைத் தொட்டுப் பார்த்தார். “அங்க கை கழுவுற பைப்பு கடைக்குப் பின்னால இருக்கு.”

“கழுவ வேணாம்,” என்றாள் அழகம்மா.