சிங்கி இறால் ஆட்டம்

பாஸ்டனில் அந்த இசை நாடகத்தை வெள்ளோட்டம் விட்டபோது, இரண்டாம் பாதியில் ஒரு பாட்டு இருந்தது. கடலுக்குப் போன கணவன் இனி திரும்பமாட்டான் என்று தெரிந்துகொண்ட பெண், அவன் சட்டைகளை மடித்துக்கொண்டே பாடுவாள். அகஸ்டா ஃபின் அதைப் பாடும்போது அரங்கில் ஓர் இருமல்கூடக் கேட்காது. பாட்டை எழுதி இசையமைத்த லெனோர் வெக்ஸ்லர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று ஜனங்களின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவரும் அசையமாட்டார்கள். அவளுக்கு அது போதும்.

தயாரிப்பாளர் பார்னி க்ரோலுக்குப் போதவில்லை. நியூயார்க்கில் முறையாகத் திரை உயரும் முன் எல்லாவற்றையும் சரிசெய்யக் கிளம்பிவிட்டார்.

“அழறதுக்கு எவன்யா டிக்கெட் வாங்குவான்? வீட்ல பொண்டாட்டி ஓசியிலயே அழ வைக்கிறாளே! அந்த ஒப்பாரியத் தூக்கு. மீன்பிடி ஊர்தானே? சிங்கி இறால் வேஷத்துல பொண்ணுங்கள ஆட விடு.”

“அந்தப் பாட்டை எடுத்தா கதையே நிக்காது, க்ரோல்” என்றாள் லெனோர்.

“அம்மணி, நீங்க போய் பியானோவத் தட்டுங்க. கதை நிக்குதா உக்காருதான்னு நான் பாத்துக்கறேன்.”

முதலாளி சிரித்ததால் குழுவே சிரித்தது. அன்றைக்கே அகஸ்டாவை, பாதி ஒப்பனை போட்ட முகத்தோடு, நடைபாதையில் நிற்கவைத்து வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் இடத்துக்கு டாலி மார்ஷ் என்ற சினிமாக்காரப் பெண் வந்தாள்.

எழுதியவள் சம்மதிக்காமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்பது ஒப்பந்தம். “தடுத்துடலாம், ஒரு வார்த்தை சொல்லு” என்றார் அவளுடைய வக்கீல். லெனோர் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு க்ரோல் கேட்டதற்கெல்லாம் சரி என்றாள். இறால்கள் இன்னும் நாலு? சரி. புயல் காட்சியில் ஒரு கோமாளி? அருமையான யோசனை. இறால் பாட்டை அவளே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள், முடிந்தவரை கேவலமாக. க்ரோலுக்கு அது தேனாக இனித்தது.

அடுத்த வெள்ளோட்டத்தில், பிலடெல்பியாவில், இடைவேளையோடு பாதிக் கூட்டம் எழுந்து போனது. க்ரோல் இறால்களைக் கூட்டினார்.

நியூயார்க்கில் திரை உயரவேண்டிய நாள் மதியம், அரங்குக்கு எதிரே இருந்த கடையில் லெனோர் இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். க்ரோல் வந்து எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“லெனோர், பழைய பாட்டைத் திரும்பப் போட்ருவோம். அகஸ்டாவ வரச் சொல்லு.”

“எடுத்த பாட்டு எனக்கே திரும்பிடும்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்களே. தரமாட்டேன்.”

“உனக்கு என்னதான் வேணும்? மன்னிப்பா? இந்தா, எல்லார் முன்னாலயும் கேக்கறேன்.”

“எனக்குக் கடுகு சாஸ் வேணும். அந்தப் புட்டிய இப்படித் தள்ளுங்க.”

அன்று மாலை கணவன் செத்த சேதி வரும் இடத்தில் அரங்கம் வயிறு குலுங்கச் சிரித்தது. இறால்கள் ஆடியபோது யாரும் சிரிக்கவில்லை. லெனோர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று க்ரோலின் பிடரியை மட்டும் பார்த்தாள். அது மெல்ல மெல்ல நாற்காலிக்குள் இறங்கியது. இத்தனை வருஷத்தில் எந்தக் கைதட்டலும் அவளுக்கு இவ்வளவு ருசித்ததில்லை.

மேடைக்குப் பின்னால் டாலி வழிமறித்தாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

“இது ஓடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியும்.”

“நான் உங்களுக்கு என்ன பண்ணேன், மிஸ் வெக்ஸ்லர்?”

லெனோர் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

சனிக்கிழமை நாடகத்தை மூடினார்கள். திங்கள் காலை இரண்டு ஆட்கள் ஏணி போட்டு, முகப்பிலிருந்த விளம்பரத்தைக் கிழித்தார்கள். அவள் பெயரும் அதில்தான் இருந்தது. முதலில் போனதும் அதுதான். எதிர்ப்பக்கம் நின்றிருந்த லெனோர் நகரவில்லை. க்ரோலின் பெயர் கிழிந்து கீழே விழும்வரை பார்த்துவிட்டு, ரயிலுக்கு நடந்தாள்.