சொந்த விருப்பத்தின் பேரில்

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தரும் ஆலையில், இஸ்திரி உருளைக்கு இரண்டு பேர் வேண்டும். இடது முனையில் அண்ணி, வலது முனையில் நாத்தனார். ஈர விரிப்பின் மூலையை ஆளுக்கொரு பக்கம் வெளிக்கையால் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். பிடி தளர்ந்தால் துணி சுருளும், துணி சுருண்டால் உருளை நிற்கும், உருளை நின்றால் சர்க்குலர் வருவார்.

சர்க்குலர் என்பது சூப்பர்வைசர். எதையும் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் வாய் திறப்பார். அன்று ஒட்டியிருந்தது: ஃப்ளூ தடுப்பூசி போடாதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை.

"கையுறை கிழிஞ்சிருக்குன்னு கேட்டா தைச்சுப் போட்டுக்கச் சொன்ன மனுஷன்," என்றாள் அண்ணி. "ஓசியில ஊசி போடறாராம். எனக்கு என்னமோ சரியாப் படல."

"ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டிருப்பாங்க அண்ணி."

"கேக்கட்டும். எனக்கு நாலு நாள் பாக்கி இருக்கறப்பதான் கேக்கணுமா?"

ஓராண்டு ஒரு நாளும் விடாமல் வந்தால் நிரந்தரம். ஒரு நாள் விட்டால் மறுபடி முதல் நாள். போன தடவை பத்தாவது மாதத்தில் அவள் மகனுக்குக் கால் முறிந்தது. இந்தத் தடவை அவனை ஓட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

சாப்பாட்டு அறையில் ஊசிக்கு வரிசை நின்றது. படிவத்தின் முதல் வரி, 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தொடங்கியது.

"விருப்பம் இல்லேன்னா?" என்று கேட்டாள் அண்ணி.

"அதுக்கு ஃபாரம் கிடையாதும்மா," என்றார் சர்க்குலர்.

அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு நர்ஸிடம் வலது தோளைக் காட்டினாள். "இதுல போடுங்க சிஸ்டர். இடது கைதான் எனக்குச் சோறு போடுது."

"ஃபாரத்துல இடதுன்னு அச்சடிச்சிருக்கே," என்று நர்ஸ் இடது கையிலேயே போட்டாள். "வலி இருக்கும். சிலருக்கு லேசா உடம்பு சுடும். ஒரு நாள் படுத்து எழுந்தா சரியாயிடும்."

"படுக்கற நாளுக்கு ஏதாவது ஃபாரம் இருக்கா?"

நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மதியம் நாத்தனார் இடது முனைக்கு வந்து நின்றாள். ஊசி அவளுக்கும் இடது கையில்தான்.

"நீங்க அந்தப் பக்கம் போங்க அண்ணி. எனக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. எனக்கு வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும்."

பக்கம் மாறிய பழக்கமின்மையில் முதல் மூன்று விரிப்புகள் கோணலாகப் போயின. நான்காவது நேராகப் போனது. சாயங்காலம் வரை உருளை நிற்கவில்லை. கையைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை ஆலை வாசலில் காவலாளி ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராக ஒரு கருவியைப் பிடித்தார். நாத்தனார் உள்ளே போனாள். அண்ணியின் நெற்றியில் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்.

"நூறு புள்ளி ரெண்டு. நூறு தாண்டினா உள்ள விடக் கூடாது. நேத்து ராத்திரி ஒட்டின சர்க்குலர்."

"ஊசி போட்டதால வந்த சூடுங்க. கார்டு பாருங்க."

காவலாளி கார்டைப் பார்த்தார். கார்டில் சூடு பற்றி ஒன்றும் இல்லை. சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு அவளிடம் கொடுத்தார்.

"காய்ச்சல் வரக் கூடாதுன்னுதானேம்மா ஊசி போட்டோம்," என்றது குரல். "அப்புறமும் வந்தா கம்பெனி என்ன பண்ணும்? ஆப்சென்ட்தான். உடம்பைப் பாத்துக்கங்க."

நாத்தனார் உள்ளிருந்து திரும்பி வரப் பார்த்தாள். "நீ போடி," என்றாள் அண்ணி. "ரெண்டு பேருமா முதல் நாள்ல நிக்கணும்?"

பின்னால் ஹார்ன் அடித்தது. காய்ச்சல் வார்டின் அழுக்கு விரிப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வேன் வந்திருந்தது. காவலாளி கருவியைச் சட்டைப் பையில் செருகி, இரண்டு கையாலும் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்.

"வழி விடும்மா," என்றார்.

அண்ணி சுவரோடு ஒட்டி நின்றாள். வேன் உள்ளே போனது.