சிவப்பு போகாத தண்ணீர்

சாயப்பட்டறைக் குழாயைத் திறந்த ஆல்கொட் உடனே மூடினான். ஜாடியில் இருக்கும் சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால் அக்காவுக்கு எப்படித் தெரியப்போகிறது?

அக்கா டூருன் இன்றைய பொழுதைத் தாண்டமாட்டாள் என்று ஸ்வீடனின் பூரோஸ் நகர மருத்துவமனையில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கட்டிலருகே அவனால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். அவள் கண்ணைத் திறந்து, இப்படி நடப்பதற்கு அந்தத் தூளையாவது பட்டறையில் சோதித்துவிட்டு வா என்றாள்.

பிர்ச் மரத்து இலையை வேகவைத்த சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து அவள் உண்டாக்கிய கறுப்புத் தூள் அது. கழிவுநீரில் கலக்கினால் சாயத்தைப் பற்றிக்கொள்ளும். காந்தத்தைக் காட்டினால் தூள் மொத்தமும் சாயத்தோடு ஒரு பக்கம் ஒதுங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். தன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பலித்ததைத் தம்பியின் பட்டறைத் தண்ணீரிலும் பார்க்க ஆசைப்பட்டாள். "உன் கஷாயத்தை எங்க பட்டறைல ஊத்தாதேக்கா" என்று அவன்தான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தான்.

இன்று அவனே கலக்கினான். தூள் ஒதுங்கியது, சிவப்பு பாதிகூடப் போகவில்லை. மறுபடி செய்தான். அதே சிவப்பு.

கடைசியில் ஜாடியை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். சிக்னல்தோறும் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான்.

டூருனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஜாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"போகலையேடா."

"போகலக்கா. ரெண்டு தடவை பண்ணிட்டேன்."

அவள் முகத்தில் வருத்தம் இல்லை. கணக்குப் போடுகிறவள்போல உதட்டை மடித்துக்கொண்டாள்.

"அது மே மாசத்துத் தளிர்ல பண்ணது. சாறு பத்தல. இப்ப ஆகஸ்ட்தானே, முத்தின இலையா பறி."

"சரி."

"நீயே பறி. மத்தவங்க காம்பு, குச்சியோட அள்ளிட்டு வருவாங்க."

அவன் சிரித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பின் பேசவில்லை.

மதியக் காபி வேளையில் நர்ஸ் மைலிஸ் வந்து குனிந்து நாடி பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். சொல்ல வேண்டும், இதோ வந்துவிடுகிறேன் என்று ஆல்கொட் கீழே இறங்கினான்.

கார்கள் நிற்குமிடத்தின் ஓரமாக பிர்ச் மரங்கள் இருந்தன. கோட்டைக் கழற்றிப் புல்லில் விரித்தான். எட்டுகிற கிளையை வளைத்து, இலைகளை ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளிப் போட ஆரம்பித்தான். தூறல் விழுந்தது. காரை எடுக்க வந்த ஒருவர் என்ன பறிக்கிறீர்கள் என்று கேட்டார். அவன் அடுத்த கிளைக்கு நகர்ந்தான்.