நகர்ந்த வீட்டுக்குத் தடையுத்தரவு

பிரிட்ஜன் தம்பதியின் வீடு, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊரை நோக்கி ஒன்றரை அடி நகர்ந்தது. அவர்கள் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது படிக்கட்டு பழைய இடத்தில் நின்றது. வீடு அதை விட்டு விலகியிருந்தது. ஓட்டிஸ் பிரிட்ஜன் படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டான். அவன் மனைவி லவோன் அதன்மேல் நடந்து உள்ளே போய், மிச்சமிருந்த உருளைக்கிழங்கு சாலட்டை ஃபிரிட்ஜில் வைத்தாள். சர்க்கரைவள்ளி நாற்றுக்கு நிலம் உழ வேண்டிய நாட்கள் அவை. வீடு நகர்ந்ததைப் பற்றி இருவருக்கும் அதிகம் பேச நேரமில்லை.

லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அந்தக் குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தைப் பலவீனமாக்கிவிட்டுப் போயிருந்தது. நகரத்து மருத்துவமனையில் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். கட்டிலருகே வைத்துக்கொள்ள ஒரு சிறிய பெட்டியும் கொடுத்தார்கள். நெஞ்சில் உள்ளது துடிப்பைக் கணக்கெடுக்கும், பெட்டி அதை இணையம் வழியாக டாக்டருக்கு அனுப்பும், ஏதாவது பிசகினால் அவர் உடனே கூப்பிடுவார் என்பது ஏற்பாடு. பிரிட்ஜன் வீட்டில் இணையம் இல்லை. கைபேசிக்கும் அங்கே சிக்னல் கிடையாது. பழைய கம்பித் தொலைபேசி ஒன்று மழை பெய்யாத நாட்களில் பேசும். பெட்டியின் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. மே மாதக் கடைசிக்குள் அது பச்சையாகாவிட்டால் லவோன் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிழங்கு நிலத்தை விட்டுவிட்டு ஓட்டிஸ் கூடப் போக முடியாது.

எங்கள் ஊரான ஹார்கெட்ஸ் மில்லில் மின்சாரம் நகர மன்றத்தின் கையில் இருக்கிறது. தொண்ணூறு வருடங்களுக்கு முன் மின்சாரக் கம்பெனி வந்து பார்த்து, வீடுகள் போதாது என்று சொல்லிவிட்டுப் போனது. மன்றம் தானே கம்பம் நட்டது. பிறகு இணையம் வந்தது. அதற்கான கம்பெனியும் வந்து பார்த்து, அதையே சொன்னது. மன்றம் அதே கம்பங்களில் கண்ணாடி இழையை இழுத்தது. அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் கம்பெனிக்கு எங்கள் ஊர்மேல் பாசம் வந்தது. அரசாங்கம் தன்னோடு போட்டியிடுவது அநியாயம் என்று அது மாநிலத் தலைநகரில் முறையிட்டது. சட்டமன்றம் கண்கலங்கி ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நகர மன்றங்கள் ஊர் எல்லைக்குள் மட்டுமே இணையம் கொடுக்கலாம், எல்லையை இதற்காக விரிக்கவும் கூடாது. எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் கம்பெனிக்கு உரியவர்கள். கம்பெனி அவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருக்கும் உரிமையில் யாரும் தலையிடாதபடி பார்த்துக்கொண்டது. எல்லையில் நின்ற கடைசிக் கம்பத்தில், மிச்ச இழையை மன்றத்து ஆட்கள் சுருட்டி மாட்டிவிட்டுத் திரும்பினார்கள். அங்கிருந்து பார்த்தால் பிரிட்ஜன் வீட்டுச் சமையலறை தெரியும். லவோன் பாத்திரம் கழுவும்போது அந்தச் சுருளைப் பார்த்துக்கொண்டே கழுவுவாள்.

அடுத்த ஞாயிறும் வீடு நகர்ந்தது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிக தூரம். அதற்கடுத்த ஞாயிறும். எல்லாரும் தேவாலயத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் நகரும். கம்பெனி மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராகக் கூலிக்கு அமர்த்தி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொன்னது. முதலாவது ஆள் பாப்டிஸ்ட் சபைக்காரன், பதினோரு மணி ஆனதும் எழுந்து போய்விட்டான். இரண்டாமவன் மெதடிஸ்ட், அவனும் போனான். மூன்றாமவனுக்கு மதம் எதுவும் இல்லை என்று விசாரித்துத்தான் வேலைக்கு வைத்தார்கள். ஆனால் அன்று தேவாலயத்துப் புல்வெளியில் பொரித்த கோழி விருந்து. ஆராதனையில் உட்காராமல் தட்டை நீட்ட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. இந்த வட்டாரத்தில் ஞாயிறு காலை ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடிய மனிதன் கிடைக்கவில்லை.

விஷயம் மே மாதம் நகர மன்றக் கூட்டத்துக்கு வந்தது. மேயர் ரூதெல் பைனம் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். பேச வருகிறவர்களுக்கு முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் திருகி வைப்பார். அது மணியடித்தால் ஆளுநராக இருந்தாலும் உட்கார வேண்டியதுதான். முதலில், நகரும் வீட்டுக்குச் சாலை அனுமதி வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பின்னால் வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி லாரிகளில் கட்டுகிற ‘அகலச் சுமை’ என்ற மஞ்சள் பதாகை ஒன்று போதும் என்று முடிவாயிற்று. பிறகு கம்பெனியின் வக்கீல் ஆஷ்கிராஃப்ட் எழுந்தார்.

“மேடம், இந்த ஊர் அந்த வீட்டுக்கு ஆசை காட்டி இழுக்குது. சந்தைன்னா தானா நகரணும். நடுவுல நீங்க கை வைக்கக்கூடாது.”

“நகரட்டும் தம்பி, யாரு வேண்டாம்னா?” என்றார் ரூதெல். “எட்டு வருஷமா பாக்கறேன். அந்த ரோட்டுல வீடுதான் நகருது, உங்க சந்தை நகரக் காணோம்.”

“பிரிட்ஜன் வீட்டு ரோடு எங்களோட அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துல பரிசீலனையில இருக்குங்க.”

லவோன் ஒலிபெருக்கிக்கு வந்தாள். நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது.

“ரொம்ப சந்தோஷம் சார். என் நெஞ்சு உங்க ஐந்தாண்டுத் திட்டத்துல இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆஷ்கிராஃப்டும் சிரித்தார், நல்ல மனிதர்தான். கடிகாரம் மணியடித்தது. லவோன் உட்கார்ந்தாள்.

மே முடிந்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஓட்டிஸ் அவளை நகரத்துக்குக் கொண்டுபோய், மருத்துவமனைக்கு எதிரே ஒரு மாடி அறையில் பெட்டியோடு விட்டுவிட்டு வந்தான். அங்கே விளக்கு உடனே பச்சையானது. தொலைபேசியில் அவன் அன்று எவ்வளவு உழுதான் என்று சொல்வான். அவள் எதிர்க் கட்டடத்துப் புறாக்களைப் பற்றிச் சொல்வாள். கட்டிலில் அவள் பக்கத்தை அவன் தொடாமல் வைத்திருந்தான். வீடு மட்டும் ஞாயிறு தவறாமல் நகர்ந்தது. ஜூன் கடைசியில் எல்லைக்கும் அதற்கும் இடையே ஒரு லாரி நிறுத்தும் இடம்தான் மிச்சம். இன்னும் ஓரிரண்டு ஞாயிறுகளில் படுக்கையறை ஊருக்குள் வந்துவிடும் என்று முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டார்கள்.

அப்போது கம்பெனி நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியது. விசாரணை நவம்பரில். அதுவரை வீடு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஷெரீப்பின் ஆள் வந்து, வீட்டுக்குக் கேட்கும்படி உத்தரவைச் சத்தமாக வாசித்தார். பிறகு அதைக் கதவில் ஆணியடித்தார். வீடு நின்றது. அடுத்த ஞாயிறும் நகரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் நகரவில்லை. பரம்பரை பரம்பரையாக வரி கட்டி, சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்த குடும்பத்தின் வீடு அது.  அந்த வாரம் ஒரு நாள் ஓட்டிஸ் கடப்பாரையைக் கொண்டுவந்து அஸ்திவாரத்தின் கீழே செருகி, கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தான். பிறகு எடுத்து வைத்துவிட்டான்.

மன்றக் கூட்டத்தில் ஊர் வக்கீல் உத்தரவை முழுவதுமாக வாசித்தார். அதில் வீடு இருந்தது, புகைபோக்கி இருந்தது, கோழிக்கூடு இருந்தது, ஓட்டிஸ், லவோன், அவர்களுடைய நாய் எல்லாம் இருந்தன. இவர்களில் எவரும், எதுவும் நகரக் கூடாது.

“ஊரைப் பத்தி ஏதாவது போட்டிருக்கா?” என்று ரூதெல் கேட்டார்.

“ஒரு வரிகூட இல்லீங்க, மிஸ் ரூதெல்.”

“சரி. வாசிச்சாச்சுன்னு குறிச்சுக்கோ. அடுத்தது என்ன, குப்பை வண்டியா?”

அவ்வளவுதான் நடந்தது. பின்னால் கம்பெனியின் வக்கீல்கள் அன்றைய நடவடிக்கைக் குறிப்பை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்தார்கள். குப்பை வண்டிக்குப் புது டயர் வாங்கத் தீர்மானித்ததைத் தவிர, மன்றம் வேறெதையும் தீர்மானித்ததாக அதில் இல்லை.

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு தேவாலயத்தில் ஊர்கூடும் நாள். வெளியூர் போனவர்களெல்லாம் திரும்பி வருவார்கள். லவோனும் ஒரு நாள் அனுமதி வாங்கி, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். தேவாலயம்வரை போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஓட்டிஸைப் போகச் சொல்லிவிட்டு, கட்டிலில் தன் பக்கத்தில் படுத்தாள். பெட்டியைப் பழக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விளக்கு சிவப்பாக எரிந்தது. பதினோரு மணிக்குப் பிறகு, இரண்டாம் பாட்டின் நடுவில், ஊர் நகர்ந்தது. தேவாலயமும், ரயில் நிலையமும், மன்றக் கட்டடமும், முடிதிருத்தும் கடையும், நீர்த்தொட்டியும், ஆயிரத்துச் சொச்சம் வீடுகளும் ஒரு லாரி நீளத்துக்கு மேற்கே வந்தன. பாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சுருதி கொஞ்சம் ஆடியது தெரிந்தது. ஆர்கன் வாசிப்பவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து பாடினார்கள். எங்கள் ஊர் எல்லை ஒரு வட்டம். ரயில் நிலைய வாசற்படியிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரு மைல் என்று ஊரின் சாசனத்தில் எழுதியிருக்கிறது. வாசற்படி வந்தபோது வட்டமும் கூடவே வந்து, பிரிட்ஜன் வீட்டுப் படுக்கையறையை உள்ளே எடுத்துக்கொண்டது. எல்லைக் கம்பம் பிரிட்ஜன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. இழைச் சுருள் அவிழ்ந்து உள்ளே, பெட்டியின் பக்கத்தில் விழுந்தது.

கிழக்குப் பக்கத்தில் கொஞ்ச நிலம் எல்லைக்கு வெளியே போனது. அங்கே இருந்தவை இரண்டு. ஒன்று ‘விரைவில் வருகிறோம்’ என்ற கம்பெனியின் விளம்பரப் பலகை. இன்னொன்று கல்லறைத் தோட்டம். அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. அங்கே இருப்பவர்களோடு பேச எந்த இழையும் இல்லை, எல்லைக்குள் இருந்தபோதும் அப்படித்தான். நவம்பரில் நீதிபதி வரைபடத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எல்லை விரியவில்லை, அதே ஒரு மைல்தான். வீடும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து அசையாமல் நின்றிருக்கிறது. நன்னடத்தைக்காக வீட்டைப் பாராட்டிவிட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஞாயிறுகளில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கீழ்த்தட்டில் வைக்கவும் என்று இப்போது எங்கள் மின்கட்டண ரசீதின் அடியில் அச்சாகி வருகிறது. மேற்கே இன்னும் இரண்டு கிராமங்கள், தங்கள் பக்கம் எப்போது வருவதாக உத்தேசம் என்று கேட்டு எழுதியிருக்கின்றன.

இதெல்லாம் பின்னால். அந்த ஞாயிறு மதியம் ஓட்டிஸ் கோழியும் சோள ரொட்டியும் நிறைந்த தட்டோடு வீட்டுக்கு வந்தபோது, கம்பித் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. லவோன் எடுத்தாள். மருத்துவமனையில் அன்று பணியிலிருந்த டாக்டர்.

“லவோன், நீ வீட்டுக்குத்தானே போனே? அங்கேருந்து எப்படி உன் கணக்கு வருது?”

“வருதா டாக்டர்?”

“நல்லா வருது. ஆனா பதினொண்ணே காலுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கு. என்ன பண்ணிக்கிட்டிருந்தே? எதையாவது தூக்கினியா?”

“ஒண்ணும் பண்ணல டாக்டர். படுத்துத்தான் இருந்தேன். ஊர் வந்துச்சு.”

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது.

“சரி. அதுக்கு மாத்திரை மாத்த வேண்டியதில்ல. நாளைக்குத் திரும்பி வர வேண்டாம், அங்கேயே இரு.”